கடல் கடந்து வந்த கல்

2010 ஆகஸ்ட் 13 அன்று 'சன் சீ' கப்பல் எங்கள் ஆட்கள் 492 பேரோடு வந்து சேர்ந்த இடம், கனடாவின் மேற்குக் கரையில் வன்கூவர் தீவிலுள்ள எஸ்குவைமால்ட் கடற்படைத் தளம். இம்முறை அந்தத் தீவின் கல்லைப் பற்றிப் பேச வந்தேன். நான் படித்தது வர்த்தகம், செய்வது கணக்காளர் வேலை. ஆனால் வாசிக்க வாசிக்க, கல்லை ஆராய்பவர்களும் ஒருவகைக் கணக்குப் பரிசோதகர்கள்தான் என்று பட்டது.

வன்கூவர் தீவின் பெரும்பகுதி வட அமெரிக்காவோடு பிறந்த நிலமல்ல. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் நடுக்கடலில் எரிமலைக் குழம்பு கொட்டி உருவான மேட்டுநிலம் அது. கர்முட்சென் எனப்படும் அந்தப் பாறைத் தொகுதியின் தடிப்பு 6 கிலோமீற்றர் வரும். அடியில் தலையணைகளை அடுக்கியது போன்ற உருண்டைகள். தண்ணீருக்குள் குழம்பு வெளிவந்தால் தோல் சட்டென்று கண்ணாடியாக இறுகி இப்படித்தான் ஆகும். அதன்மேல் நொறுங்கிய எரிமலைக் கண்ணாடி. உச்சியில், திறந்த வெளியில் ஓடி ஆறிய குழம்பு. அதாவது கடலடியில் தொடங்கியது வளர்ந்து நீருக்கு மேலே தலைகாட்டியிருக்கிறது.

இது நடுக்கடலில் பிறந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? இங்கேதான் இரசாயனம் வருகிறது. பழைய பாறையிலுள்ள சோடியத்தையும் பொற்றாசியத்தையும் நம்ப முடியாது. கடல்நீரும் வெப்பமும் அவற்றைக் கரைத்து மாற்றிவிடும். காசுப்பெட்டி போல, கைமாறிக்கொண்டே இருப்பவை அவை. தைத்தேனியம், சேர்க்கோனியம், நயோபியம் போன்றவை இலேசில் அசையாது. மையால் எழுதிய பேரேடு! ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தில் பிறக்கும் எரிமலைப் பாறையில் நயோபியம் குறைந்து காணப்படும். வன்கூவர் தீவுப் பாறைகளில் பெரும்பாலும் அந்தக் குறை இல்லை. ஆழத்திலிருந்து எழுந்த பெரும் வெப்ப ஊற்று ஒன்றுதான் இவ்வளவு குழம்பையும் கொட்டியது என்பது ஆய்வாளர் கருத்து.

இத்தொகுதி அலாஸ்கா வரை துண்டு துண்டாக நீள்கிறது. 1977 இல் அதற்கு ராங்கெல்லியா என்று பெயரிட்டார்கள். அலாஸ்காப் பகுதிக் கல்லில் உறைந்திருந்த காந்தத் திசையை அளந்தபோது, அது பூமத்திய கோட்டிலிருந்து ஏறக்குறைய 15 பாகைக்குள் ஆறியது என்று தெரிந்தது. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 10 பாகையில் இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

அப்படியானால் எப்படி வந்தது? கடற்தரை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகரும். கண்டத்தை முட்டும்போது சாதாரணமாக அடியில் போய்விடும். அதன் தடிப்பு ஏறத்தாழ 7 கிலோமீற்றர்தான். இந்த மேட்டுநிலமோ தடித்தது, மிதக்கும் தன்மை கூடியது. அமிழ மறுத்துக் கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

தீவின் தென்முனையில் மெச்சோசின் பக்கம் இருப்பது வேறு துண்டு, வயது வெறும் 5 கோடி ஆண்டுகள்தான். அதுவும் கடலிலிருந்து வந்து ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே லீச் றிவர் பிளவு ஓடுகிறது.

கோடை விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்ட்ராத்கோனா பூங்காவில் பட்டில் ஏரிக்கரையோரம் பிள்ளைகளுக்குத் தலையணைக் கற்களைக் காட்டுங்கள். உடைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், மாகாணப் பூங்காவில் கல்லெடுப்பது சட்டப்படி தடை.