பனிக்கட்டியாற்றின் மேல் ஒரு பகற்பயணம்

மலைத்தொடர் ஒன்றைக் கடந்து அப்பாலுள்ள நாட்டுக்குச் செல்ல விழைவோர் சிகரங்களை நாடுவதில்லை. இரு சிகரங்களுக்கிடையே மலைமுகடு சற்றே தாழ்ந்து வழிவிடும் இடத்தையே அவர்கள் தேடுவர். அதற்குக் கணவாய் என்று பெயர். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் இத்தகைய கணவாய்கள் பல உள்ளன. சிலவற்றின் மேலே மோட்டார் வீதிகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. சிலவற்றின் அடியிலே குடைந்த சுரங்கங்களினூடாகப் புகைவண்டிகள் ஓடுகின்றன. ஆயின் மிக உயர்ந்த கணவாய்கள் சிலவற்றில் கடுங்கோடையிலும் பனிக்கட்டி நீங்குவதில்லை. வீதி அமைப்பதற்கு அங்கே நிலையான தரையே இல்லை. சுவிற்சலாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஏறத்தாழ 3,300 மீற்றர் உயரத்திலுள்ள தியோதூல் கணவாய் அவற்றுள் ஒன்று.

கணவாயின் வடக்கே, ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில், சேர்மற் என்னும் சுவிஸ் ஊர் உளது. தெற்கே இத்தாலியின் சேர்வீனியா என்னும் ஊர் 2,000 மீற்றருக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. இரண்டுக்கும் நடுவே மாற்றர்ஹோர்ன் என்னும் கூரிய சிகரம் 4,478 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் ஆறு, ஏழு பேர் கொண்ட குழுவொன்று வழிகாட்டி ஒருவருடன் காலையிற் புறப்பட்டு, கணவாயைக் கடந்து, பிற்பகலில் மறுநாட்டு ஊரில் இறங்கிவிடலாம். வடபுறத்தில் 2,900 மீற்றர் வரை கம்பிவட ஊர்தி இருப்பதனால், அதிலே ஏறிச் செல்வோர்க்குப் பனிக்கட்டியாற்றின் மீது நடக்கும் நேரம் இரண்டு அல்லது மூன்று மணித்தியாலமே. சரிவும் மிகக் கடியதன்று. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது வெண்ணிற வயல்வெளி போலவே தோன்றும். அந்தத் தோற்றமே அங்குள்ள பெரிய ஆபத்து.

இவ்வழி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கணவாயின் அருகே உரோமர் காலத்து நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டன. வணிகரும் கோவேறு கழுதைகளும் பல நூற்றாண்டுகளாக இப்பனியைக் கடந்து சென்றுள்ளனர். எல்லோரும் மறுகரை சேர்ந்தாரில்லை. 1984ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளாக, உருகி வந்த பனிக்கட்டியிலிருந்து ஒருவருடைய எலும்புகளும், நீண்ட வாளும், குத்துவாளும், கைத்துப்பாக்கியும், சவரக்கத்தியும், பல நாணயங்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அவர் 1600ஆம் ஆண்டளவில் இறந்தவர் என்று ஆராய்ந்து கண்டனர். முதலிற் கூலிப் போர்வீரர் என்று கருதப்பட்டவர், பின்னர் செல்வமுடைய பயணி ஒருவர் என்று கருதப்பட்டார். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அதே பனிக்கட்டியாற்றிலே நடந்து சென்றோர் மலையேறுவோர் அணியும் சப்பாத்து ஒன்றைக் கண்டனர். அது 1986இற் காணாமற்போன ஜேர்மானியர் ஒருவருடையது. அவருடைய உடலெச்சங்களும் அங்கேயே கிடந்தன. முப்பத்தேழு ஆண்டுகள் பனிக்கட்டி அவரைத் தன்னுள் வைத்திருந்தது.

பனிக்கட்டி இவ்வாறு மனிதரை விழுங்குவது எவ்வாறு? பனிக்கட்டியாறு என்பது பெயரளவில் மட்டும் ஆறன்று; அது மெய்யாகவே ஓடுகின்றது. ஆண்டாண்டாக விழும் பனி தன் பாரத்தினால் இறுகிக் கட்டியாகி, சரிவை நோக்கி மெல்ல நகர்கின்றது. அடியிலுள்ள கட்டி மேலிருந்து வரும் அழுத்தத்தினாற் பாகுபோல வளைந்து கொடுக்கும். மேற்பகுதியோ கண்ணாடி போல நொறுங்குந் தன்மையது. ஆதலால், அடிநிலத்துப் பாறை திடீரெனச் சரியும் இடங்களிலும் ஆறு வளையும் இடங்களிலும் மேற்பகுதி வெடித்துப் பிளக்கின்றது. இவ்வெடிப்புகள் முப்பது மீற்றர் ஆழமும், சிலவிடங்களில் அதற்கு மேலும் செல்லும். வாய் ஒரு முழ அகலமே ஆயினும் உள்ளே வீழ்ந்தவர் மேலே வருவது எளிதன்று. கீழே குறுகிச் செல்லும் சுவர்களிடையே இறுகிக்கொள்வார். உடற்சூடு விரைவில் நீங்கிவிடும்.

திறந்து கிடக்கும் வெடிப்பைக் கண்ணுள்ளவர் எவரும் சுற்றிச் செல்வர். மாரிக்காலத்துப் பனியைக் காற்று அடித்துச் சென்று அவ்வெடிப்பின் வாயை மூடிவிடுவதே தொல்லை. இம்மூடியைப் பனிப்பாலம் என்பர். கோடையின் தொடக்கத்தில் அது தடித்திருக்கும். கோடை முதிர முதிர அடியிலிருந்தும் மேலிருந்தும் தேய்ந்து மெலியும். மேற்பரப்பில் மெல்லிய பள்ளம் போன்ற ஒரு கோடு, சற்றே மங்கிய நிறம், இவை தவிர வேறு அடையாளம் பெரும்பாலும் இராது.

ஆகவேதான் வழிகாட்டிகள் கடிகாரத்தைக் கடிந்து கொள்ளுமளவுக்குப் போற்றுகின்றனர். தெளிந்த வானமுள்ள இரவில் மேற்பனி உறைந்து கல்லாகின்றது. விடியற்காலையில் அதன்மீது நடப்பவரைப் பனிப்பாலம் தாங்கும். பத்து, பதினொரு மணிக்குப் பின் வெயில் ஏற ஏற அதே பாலம் ஈரமணல் போல இளகிவிடும். முழங்கால்வரை புதைந்து நடப்பவர் களைப்படைவர். களைத்தவர் அடையாளங்களைக் கவனிப்பதில்லை. குழுவில் ஒருவர் காலையுணவுக்காக அரைமணி நேரம் பிந்தினாரென்றால், அந்த அரைமணி நேரத்தை மற்றெல்லாரும் மெலிந்த பாலங்களின் மீது செலவிட நேரும். இரவு முகில் மூடியிருந்து பனி உறையாது விட்டால், நேரத்தோடு புறப்பட்டும் பயனில்லை. அன்று திரும்பிவிடும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி. கூலி கொடுத்து வந்தவர்கள் முகஞ்சுளிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்வதும் அவருடைய தொழிலின் ஒரு பகுதியே.

இரண்டாவது காவல் கயிறு. பனி மூடிய பனிக்கட்டியாற்றிலே அனைவரும் ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்டு, ஒருவர்பின் ஒருவராகச் செல்வர். இருவருக்கிடையே எட்டு முதல் பன்னிரண்டு மீற்றர் வரை தூரம் விடப்படும். பேசிக்கொண்டு அருகருகே நடக்க விரும்புவோர்க்கு இது வருத்தந் தருவதே. ஆயினும் அத்தூரத்துக்குக் காரணமுண்டு: நெருங்கி நடப்பவர் இருவரும் ஒரே பாலத்தின் மீது நிற்க நேரும். கயிறு தரையிற் புரளவுங் கூடாது, பின்னாலிருப்பவரை இழுக்கவுங் கூடாது. தளர்ந்து கிடக்கும் கயிறு, வீழ்பவரை வேகங்கொண்டு வீழவிடும். அந்த வேகம் மேலே நிற்பவரையும் இழுத்துச் செல்லும்.

ஒருவர் உள்ளே வீழ்ந்தால் மற்றவர்கள் கணமும் தாமதியாது தரையில் விழுந்து, குதிகாலையும் பனிக்கோடரியையும் பனியிலே பதித்து அவருடைய பாரத்தைத் தாங்குவர். வெடிப்பின் விளிம்பிலே கயிறு பனியை வெட்டிக்கொண்டு பதியும். அந்த உராய்வு பாரத்திற் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். இருவர் மாத்திரம் செல்லும்போது இடைக்கயிற்றில் முடிச்சுகள் இடுவது இதனாலேயே; முடிச்சு விளிம்பிலே சிக்கி நிற்கும். பின்னர் கோடரியைப் பனியிலே புதைத்துக் கயிற்றை அதிலே கட்டி, கப்பிகொண்டு ஏற்றுவதுபோல அவரை மேலே இழுப்பர். ஐந்தாறு பேர் உள்ள குழுவுக்கு இது இயலும். இருவருக்கு மிகக் கடினம். தனியே செல்பவருக்கு இழுப்பார் எவருமிலர்.

எனினும் கயிறு எங்கும் காப்பதில்லை. கோடை முதிர்ந்து மேற்பனி முழுவதும் உருகி, வெறுங்கட்டி வெளிப்பட்டபின் வெடிப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும். அங்கே வேண்டுவது சப்பாத்தின் அடியிற் கட்டும் இரும்பு முட்சட்டமே. சரிவான வெறுங்கட்டியில், எங்கும் பிணைக்கப்படாத கயிற்றிலே ஒருவர் வழுக்கினால் எஞ்சியோரையும் சேர்த்தே வீழ்த்துவார். 1865ஆம் ஆண்டு ஆடி 14ஆம் நாள் மாற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டி இறங்கிய எழுவர் ஒரே கயிற்றிற் பிணைந்திருந்தனர். ஒருவர் தவற, நால்வர் மாண்டனர். நடுவே கயிறு அறுந்தமையால் மூவர் பிழைத்தனர். அறுந்த அக்கயிறு சேர்மற் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது.

ஏனைய முன்னேற்பாடுகள் எளியவை. புதுப்பனி புறவூதாக் கதிரில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி வீசுவதால், கறுப்புக்கண்ணாடி இன்றி நடப்பவர் அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியதுபோல வருந்துவர். மூக்கின் அடிப்புறமும் வெந்துபோகும். மூவாயிரம் மீற்றரில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கே ஆதலால் மெல்ல நடப்பதே நலம். வெயில் எரிக்கும் நாளிலும் கம்பளிச் சட்டை பையில் இருத்தல் வேண்டும். முகில் மூடிய அரைமணி நேரத்தில் நிலைமை மாறிவிடும்.

இன்று இவ்வழியின் பழைய கணக்குகள் பல மாறி வருகின்றன. 2022ஆம் ஆண்டின் கோடையில் மாத்திரம் சுவிற்சலாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கையும், மறு ஆண்டில் நான்கு பங்கையும் இழந்தன. 2022 ஆடி 3ஆம் நாள் இத்தாலியின் மர்மொலாடா மலையில் பனிக்கட்டியாற்றின் ஒரு பகுதி பிற்பகலிற் பெயர்ந்து வீழ்ந்து பதினொருவர் மாண்டனர். பனிப்பாலங்கள் முன்னிலும் விரைவில் மெலிகின்றன. சென்ற ஆண்டு பனியாயிருந்த இடத்தில் இவ்வாண்டு தளர்ந்த கற்குவியல் கிடக்கின்றது. ஒரு முறை கடந்த அனுபவத்தை மாத்திரம் நம்பி மறுமுறை செல்வது தகாது. அவ்வாண்டின் நிலையை ஊரிலுள்ள வழிகாட்டிகளிடம் கேட்டறிதல் வேண்டும். நாட்டெல்லையே அங்கு நகர்ந்துவிட்டது. நீர் பிரியும் முகட்டைப் பின்பற்றி வரையப்பட்ட எல்லைக்கோடு, பனி உருகி முகடு இடம்பெயர்ந்தமையால், கணவாய்க்கு அண்மையிலுள்ள உயர்நிலத்திலே திருத்தப்பட வேண்டியதாயிற்று. இரு நாட்டு ஆணைக்குழு 2023இல் இணங்கிய அத்திருத்தத்துக்கு மறு ஆண்டு சுவிஸ் அரசு ஒப்புதல் அளித்தது.

கணவாயை அடைந்ததும் அங்குள்ள தங்குமனையிலே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். தென்புறம் வெயில் நேராகப் படுவதாற் பாறையும் கல்லும், பின்னர் புல்லுமே. சேர்வீனியாவுக்கு மூன்று மணி நேர இறக்கம். 2023 முதல் மலைமுகட்டைக் கடந்து மீளும் கம்பிவட ஊர்தித் தொடர் முற்றுப்பெற்றிருப்பதால், அன்றே சேர்மற்றுக்குத் திரும்புதல் கூடும். கடைசி ஊர்தி புறப்படும் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டோர், மலைத்தொடரையே சுற்றி வீதிவழியாகப் பல மணி நேரம் செல்ல நேரும்.