நாள்காட்டிக்குள் ஒரு நாடகக் கொட்டகை

ஆண்டுக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ சாமான் வாங்கினால், பையோடு சுருட்டிய நாள்காட்டி ஒன்றும் கைக்கு வரும். முருகனோ லட்சுமியோ சரஸ்வதியோ அதில் இருப்பார்கள். சாமியைப் பார்க்கும் நாம், சாமிக்குப் பின்னால் இருப்பதைக் கவனிப்பதில்லை. இருபுறமும் தூண்கள், ஓரத்தில் ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலை, தூரத்தில் ஓர் ஏரி, அதற்கப்பால் நீல மலை. இது எந்த ஊர்?

எந்த ஊருமில்லை மாணவர்களே, அது நாடக மேடை.

இந்த நாள்காட்டிப் பாணியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பிறகு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, மேடைக்குத் திரை எழுதினார். அன்றைய நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு ஆடியவை. ‘வள்ளி திருமணம்’ என்றால் தினைப்புனத்துக்கு ஒரு திரை. வேறு நாடகங்களுக்கு அரண்மனை, தெரு, நந்தவனம் என்று தனித்தனித் திரைகள். கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் எட்ட வேண்டுமே! அதனால் வண்ணங்கள் அழுத்தமாக இருக்கும். உருவங்கள் நம்மை நேராகப் பார்க்கும்.

1942இல் அந்தக் குழு கோவில்பட்டிக்கு வந்து, அங்கேயே கலைந்துபோனது. கொண்டையராஜு ஊர் திரும்பவில்லை. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே சாமி படங்கள் வரையத் தொடங்கினார். பக்கத்தில்தான் சிவகாசி. தீப்பெட்டி லேபிள் அச்சடித்துப் பழகிய அச்சகங்களுக்கு நாள்காட்டி பெரிய சிரமமாக இருக்கவில்லை. கொட்டகையில் சில நூறு பேர் பார்த்த அரண்மனைத் தூண், இப்படித்தான் கடல் தாண்டி நம் வீட்டுச் சுவருக்கும் வந்தது.

மேடையை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பும் இந்த வேலையை ஜப்பானியர்கள் நூறாண்டுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். ஷா ஆலமில் நடக்கும் போன் ஒடோரி விழாவுக்குப் போனவர்களுக்கு, ஜப்பானியரின் வட்டக் காகித விசிறி தெரிந்திருக்கும். அதன் பெயர் உச்சிவா. 19ஆம் நூற்றாண்டில் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், கபுகி நாடகக் காட்சிகள் அதில் அச்சாயின. உத்தாகாவா குனிசாடா (1786–1865) இதில் பெயர் பெற்றவர். ஓவியர் வரைவார்; செதுக்குபவர் அதைச் செர்ரி மரப் பலகையில் செதுக்குவார்; அச்சடிப்பவர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பலகை வைத்து அச்சடிப்பார். பிறகு தாளை வெட்டி மூங்கில் சட்டத்தில் ஒட்டினால் விசிறி தயார். ரசிகர் தம் அபிமான நடிகரையே வீசிக்கொண்டு காற்று வாங்கலாம்!

1842இல் அரசு, நடிகர் படங்களுக்குத் தடை போட்டது. ஓவியர்களோ நடிகரின் பெயரை எழுதாமல் முகச்சாயலை மட்டும் வைத்து வரைந்து சமாளித்தார்கள். ரசிகர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு கோடையோடு கிழிந்துபோகும் பொருள் விசிறி. ஆகவே இன்று அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் வெட்டி ஒட்டப்படாத தாள்கள்தாம். விசிறியாகாத விசிறிகள்!

நம் கதை கொஞ்சம் வேறு. நாள்காட்டியில் இருப்பது நடிகர் அல்ல, சாமி. அதனால் தேதி முடிந்தாலும் குப்பையில் போட மனம் வராது. கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசை அறையில் மாட்டிவிடுவோம். கொண்டையராஜு காலத்து மேடைத் திரைகள் மழையிலும் வெயிலிலும் நைந்து போயின. அந்த மேடை எப்படி இருந்தது என்பதற்குப் பக்தி காப்பாற்றி வைத்த இந்தத் தாள்களே இன்று நமக்குச் சாட்சி. ஆனால் தோட்ட வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு மாறும்போது, பழைய படங்களை மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோமே!

காட்சிக் கலை பயிலும் மாணவர்கள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது கைப்பேசியை ஒருமுறை பூசை அறைப் பக்கமும் திருப்பலாம். முதலில் பின்னணியைப் படம் எடுங்கள். பிறகு கீழ் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் கொண்டையராஜுவின் பெயரோடு அவருடைய மாணவர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும்.