தாமதத்தை எங்கே நின்று அளக்கிறார்கள்?

மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா 2026 ஜனவரி 6 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இழுத்துக்கொண்டே போன ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் பிப்ரவரி 14-இல் தொடங்கும், 14 அணிகளும் ஆடும் என்றார். சரியாக ஆறு நாள் கழித்து ரயில்வேயின் புதிய கட்டுப்பாடு முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. முன்பதிவு திறக்கும் முதல் நாளில், நள்ளிரவு வரை, ஆதார் சரிபார்த்த கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டுமே இணையத்தில் டிக்கெட் எடுக்கலாம். இந்த இரண்டு செய்தியும் சேர்ந்து நம் கடிதப் பையை நிரப்பிவிட்டன.

பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே சந்தேகம். அதைச் சுற்றிவளைக்காமல் கேட்டிருப்பவர்கள் சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி இளைஞர்கள். “அண்ணாச்சி, மூடுபனியில ரயில் மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டானா முழுப் பணமும் திரும்பி வரும்னு வாட்ஸ்அப்புல சுத்துதே, நெசமா? அதை நம்பி டெல்லி மேட்சுக்கு டிக்கெட் போடலாமா?”

விதி நிஜம். நம்பி டிக்கெட் போடலாமா என்பதுதான் கேள்வி. பி.என்.ஆர்., வெயிட்டிங் லிஸ்ட், சார்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாள் இருந்தது. அப்படியானால் பிப்ரவரி 14-க்கான டிக்கெட் டிசம்பர் 16 அன்றே திறந்துவிட்டது. அமைச்சர் தேதி சொன்னபோது தொடருக்கு இருந்தது 39 நாள். அன்றும் தொடக்கத் தேதிதான் வந்தது, எந்த நாளில் எந்த ஊர் என்ற முழு அட்டவணை வரவில்லை. தேதி தெரியாமல் டிக்கெட் எடுக்க முடியாது, தெரிந்த பிறகு இடம் இருக்காது. முன்பதிவுக் காலத்தைக் குறைத்தபோது, பயணம் உறுதியானவர்களுக்கு இடம் கிடைக்க இது உதவும் என்றார்கள். பயணம் எப்போது என்பதே அடுத்தவர் கையில் இருக்கிறவர்களை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, இந்தத் தொடரில் ஒரு அணி இன்னொரு அணியோடு ஒரே முறைதான் மோதும். 91 ஆட்டம் என்ற எண்ணிக்கை அப்படி வந்ததுதான். சென்னையின் எஃப்.சி. வடக்கே போய் ஆடுவதைத் தவறவிட்டால், அதே அணி சென்னைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

புதுப்பட்டிக்காரருக்குச் சென்னை ஆட்டமே வெளியூர் ஆட்டம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிவகாசியில் பொதிகை ஏறி எழும்பூரில் இறங்க ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். குளிர்காலம் என்றாலே டெல்லி மூடுபனியைப் பற்றிப் பேசுகிறோம். நம் பக்கத்துக் குளிர்காலத் தொல்லை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, அங்கே நடக்க வேண்டிய ஐ.எஸ்.எல். அரையிறுதி புணேயின் பாலேவாடி அரங்குக்குப் போனது. டிசம்பர் 12 அன்று சென்னை அணி கொல்கத்தாவை 3-0 என வென்றது. அட்டவணைப்படி அது சொந்த ஊர் ஆட்டம். எட்டு நாள் கழித்துக் கோவாவில், ஃபதோர்டா அரங்கில், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பையும் வந்தது. அந்த டிசம்பரில் சென்னை ரசிகர் ஒருவர்கூடத் தன் ஊரில் ஒரு நாக்-அவுட் ஆட்டம் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் 17 இரவு இன்னும் மோசம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கால்பந்துக்குப் பெயர்போன காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்.

இனி அந்த மூன்று மணி நேரம்.

2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத் திருப்பு விதிகள் சொல்வது இது: நீங்கள் ஏறும் நிலையத்தில், வண்டி கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்களும் அந்த வண்டியில் போகாமல் விட்டால் முழுக் கட்டணமும் திரும்பும். இ-டிக்கெட் என்றால் வண்டி உண்மையில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். எனப்படும், பணம் திரும்பக் கோரும் மனுவை இணையத்தில் பதிய வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அதே கெடுவுக்குள் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தியில் விட்டுப்போனது ‘நீங்கள் ஏறும் நிலையத்தில்’ என்ற இரண்டு மூன்று சொல்தான். சென்னை சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும். மூடுபனி காத்திருப்பது ஆக்ரா, மதுரா பக்கம். வண்டி ஆறு மணி நேரம் தாமதமாக டெல்லி போய்ச் சேர்ந்து, நீங்கள் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது ஆட்டத்தில் கடைசி விசில் ஊதியிருந்தாலும், விதியின் கண்ணில் உங்களுக்கு எந்தத் தாமதமும் நேரவில்லை. ஏறின இடத்தில் வண்டி சரியாகத்தானே கிளம்பியது! தெற்கிலிருந்து குளிர்காலத்தில் வடக்கே போகிறவர்களுக்கு இந்த விதியால் போகிற வழியில் அநேகமாகப் பயன் இல்லை.

இதையே ரயில்வே தன் மதிப்பெண்ணுக்கு எப்படி அளக்கிறது என்று பாருங்கள். நாடாளுமன்றத்திலும் அறிக்கைகளிலும் வரும் ‘நேரம் தவறாமை’ சதவீதம் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் நிலையத்தில் எடுக்கப்படுகிறது. அங்கேயும் 15 நிமிடம் வரை சலுகை உண்டு. கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் கொஞ்சம் உபரி நேரத்தைச் செருகி வைப்பது பழைய வழக்கம். வழியில் தாமதமான வண்டி அங்கே மூச்சு வாங்கி, குறித்த நேரத்துக்கு வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். ஆக, பெருமை பேசும்போது அளவுகோல் கடைசி நிலையத்தில் நிற்கிறது. பணம் தர வேண்டிய இடத்தில் அதே அளவுகோல் நீங்கள் ஏறிய நிலையத்துக்கு வந்துவிடுகிறது. நடுவில் இறங்குகிறவர் இரண்டு கணக்கிலும் இல்லை. இதைச் சட்ட விரோதம் என்று சொல்ல முடியாது. தற்செயல் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது விதி உயிர்பெறும். போன ரேக்தான் திரும்ப வர வேண்டும் என்பதால், பனியில் தாமதமாக வந்த வண்டி தாமதமாகவே கிளம்பும். டெல்லியில் மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் முழுப் பணம் உங்களுக்கு. ஆனால் அதற்கு நீங்கள் ஊருக்குக் கிளம்பாமல் இருக்க வேண்டும். டெல்லிக் குளிரில், கையிலிருக்கும் டிக்கெட்டை விட்டுவிட்டு, அடுத்த வண்டியில் வெயிட்டிங் லிஸ்டில் நிற்பவருக்கான சலுகை இது. பதிகிற நேரமும் ஒரு சூதாட்டம். இரண்டரை மணி நேரத் தாமதம் என்று காட்டும்போதே அவசரப்பட்டு டி.டி.ஆர். போட்டுவிட்டால், வண்டி 2 மணி 50 நிமிடத்தில் கிளம்பிவிடக்கூடும். பிறகு உண்மையான ஓட்ட நேரத்தை வைத்துச் சரிபார்த்து உங்கள் மனுவைத் தள்ளிவிடுவார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் குடும்பம் ஓட்டுகிறவருக்குப் பணம் வருமா என்பதைவிட எப்போது வரும் என்பது பெரிய கேள்வி. டி.டி.ஆர். பணம் வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இதே விதிப் புத்தகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனமான வசதியும் இருக்கிறது. கடிதம் எழுதிய ஒருவர்கூட அதைக் குறிப்பிடவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு டிக்கெட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கலாம். சிவகாசியிலிருந்து சென்னைக்கு ஒரு பி.என்.ஆர்., சென்னையிலிருந்து டெல்லிக்கு இன்னொரு பி.என்.ஆர். என்று எடுத்து, முன்பதிவின்போதே இணைப்புப் பயணமாகக் காட்ட வேண்டும். பயணிகளின் பெயர், வயது எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைத்த பிறகு, முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி தவறிப்போனால், பயணம் செய்யாத இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்பும். முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். பதிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே மூன்று மணி நேரத் தாமதம் என்ற நிபந்தனையே கிடையாது. நாற்பது நிமிடத் தாமதத்தால் வண்டி தவறினாலும் செல்லும். எனக்குத் தெரிந்து, தாமதத்தைப் பயணி உண்மையில் இறங்குகிற இடத்தில் நின்று அளக்கும் பகுதி இது ஒன்றுதான். பொதிகை மழையில் மாட்டித் தாமதமானால், இணைக்காதவருக்கு டெல்லி டிக்கெட் வெறும் காகிதம். இணைத்தவருக்கு அது முழுப் பணம். திரும்பும் வழியில் லாபம் குறைவு: டெல்லி வண்டி பனியில் தாமதமாகிப் பொதிகையை விட்டால், பொதிகைக் கட்டணம் மட்டும்தான் திரும்பும். மதுரைக்குப் போய் சம்பர்க் கிராந்தி பிடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறுவது போல நிலையம் மாறுகிறதென்றால், இணைப்பு ஏற்கப்பட்டதா என்பதைப் பணம் கட்டும் முன் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நல்ல வசதியைக் கவுன்ட்டரில் யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. ரயிலை ரயிலோடு இணைக்கலாம். ரயிலை ஆட்டத்தோடு இணைக்க எந்த நிறுவனத்திலும் வழியில்லை. 2025 டிசம்பர் 17 அன்று லக்னோவில் இந்தியா–தென்னாப்பிரிக்கா டி20 கிரிக்கெட், டாஸ்கூடப் போடாமல் மூடுபனியால் கைவிடப்பட்டது. மைதான டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக உத்தரப் பிரதேச கிரிக்கெட் சங்கம் அறிவித்தது. ரயிலுக்கும் அறைக்கும் கொடுத்த காசு ரசிகர் தலையில்தான். 1963-இல் இங்கிலாந்திலும் குளிர் ஆட்டங்களை முடக்கியது; நாடே உறைந்து கிடந்தது. எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று ஜனவரி 5-இல் தொடங்கி மார்ச் 11-இல் முடிந்தது. ஆட்டமே நடக்காத சனிக்கிழமைகளில் பந்தயம் கட்டியவர்களின் பணம் முடங்கக் கூடாது என்று, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு சொல்ல ஒரு குழுவையே ஜனவரி 26 முதல் உட்காரவைத்தார்கள். பந்தயக்காரரின் காசுக்கு மூன்றே வாரத்தில் வழி பிறந்தது. பயணம் போன ரசிகரின் காசுக்கு அறுபது ஆண்டு கழித்தும் பிறக்கவில்லை.

மூடுபனியை வென்றுவிட்டதாக ரயில்வே சொல்லும் கருவியின் பெயர் ஃபாக்பாஸ். எஞ்சினில் வைத்தால், அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று ஜி.பி.எஸ். மூலம் ஓட்டுநருக்குச் சொல்லும். இதனால் பனியில் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் கூடியதாம். சிக்னல் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். சிவப்பா பச்சையா என்பதை ஓட்டுநர் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கும் பழைய முறை கைவிடப்படவில்லை: சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிகளைப் பொருத்துவார்கள். எஞ்சின் ஏறியதும் வெடிக்கும், சிக்னல் வருகிறது என்று ஓட்டுநர் புரிந்துகொள்வார். வெடியின் அருமை நம் ஊருக்கு மட்டும் தெரிந்ததல்ல.

அதே வெடி சம்பந்தமாகவும் ஒரு கேள்வி வந்திருக்கிறது: கோல் விழுந்தால் விட, நம் பக்கத்துக் கலர் புகையை ரயிலில் எடுத்துப் போகலாமா? கூடாது, ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அப்படியே தப்பித்துப் போனாலும் அரங்க வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வண்டியே ரத்தானால்? இ-டிக்கெட் பணம் தானாகத் திரும்பும், டி.டி.ஆர். வேண்டாம், கவுன்ட்டர் டிக்கெட்டை மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் கட்டிய வசதிக் கட்டணம்? வராது.

45 பைசா இன்சூரன்ஸ் தாமதத்துக்கு உதவுமா? உதவாது, அது விபத்துக்கு மட்டும், உயிரிழப்புக்கு 10 லட்சம் ரூபாய்.

ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினால் ரயில் செலவு யார் தருவார்? யாரும் தர வேண்டிய கட்டாயம் இல்லை. 2018-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டங்கள் புணேக்குப் போனபோது அந்த அணி ரசிகர்களுக்குத் தனி ரயில் விட்டது, அது அவர்கள் விருப்பம்.

வீட்டில் ஒருவர் கணக்கில்தான் ஆதார் சரிபார்த்திருக்கிறது, அதில் நண்பர்களுக்கும் எடுக்கலாமா? எடுக்கலாம், ஒரே பி.என்.ஆரில் ஆறு பேர் வரை.

டெல்லி ஆட்டத்துக்கு எந்த நாள் கிளம்ப வேண்டும்? அட்டவணை என்ன சொன்னாலும், ஆட்டத்துக்கு முதல் நாள் காலையில் டெல்லி சேரும் வண்டியில்.