விரைவோட்டமும் பாரந்தூக்கலும்

இடைவிட்ட விரைவோட்டத்துடன் பாரந்தூக்கலை இணைத்தால் கொழுப்புத் தானாகவே கரையும் என்பது இன்று விற்பனைச் சரக்காகிவிட்ட கூற்று. கரையாதவிடத்துப் பழி உழைப்பாளியின் 'சோம்பல்' மீதே சுமத்தப்படுகின்றது. அவனது வேலைநேரத்தின் நீளத்தை எவரும் வினவுவதில்லை. இக்கூற்றை நாம் ஆதாரங்களோடு ஒப்பிடல் வேண்டும்.

20 செக்கன் கடும் முயற்சி, 10 செக்கன் ஓய்வு என்னும் முறையை யப்பானிய ஆய்வாளர் தபாத்தா 1996இல் ஆராய்ந்தார். அவர் அளந்தது ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறனையும் ஒட்சிசனின்றி இயங்கும் திறனையுமே, கொழுப்பிழப்பை அன்று. செலவாகும் சக்தியிலும் உண்ணும் சக்தி குறையும்போதே கொழுப்புக் குறைகின்றது. அந்நிலையில் தசை தேயாது காக்கத் துணைபுரிவது பாரந்தூக்கல். விரைவோட்டமோ குறுகிய நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பயிற்சி தருவது. இணைப்பின் மெய்ப்பயன் இவ்வளவே.

மிகையான இணைப்புக்கு எல்லையுமுண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஐந்து நாள் வலுப்பயிற்சியும் ஆறு நாள் ஓட்டமும் சைக்கிளும் மேற்கொண்டோரின் வலு, பத்து வாரப் பயிற்சியின் இறுதிக் கட்டத்திற் பின்னடைந்தது.