அண்ணாவைக் கீற முடியவில்லை: சித்திரமும் கலை வரலாறும் எதற்காகப் படிக்கிறோம்?

பல்கலைக்கழகத்தில் சித்திரம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “படம் கீறிச் சோறு தின்னலாமோ?” 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறி, முகாமில் தறப்பாளுக்குக் கீழ் இருந்து, மீள்குடியேறிய தகரக் கொட்டிலில் உயர்தரம் படித்த குடும்பத்துக்கு அது நியாயமான கேள்வி. இன்று நான் ஒரு பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். பெறுபேறு வந்ததும் அதே கேள்வியோடு வரும் பெற்றோருக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வடக்கு, கிழக்கில் இந்தத் துறைகளைத் தமிழில் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் இருக்கிறது. கலை வரலாறும் தனிப் பாடமாக இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலைகள் கற்பிக்கப்படுகின்றன. சித்திரத்துக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. கைத்திறனைப் பார்க்கும் செயன்முறைத் தேர்வும் உண்டு.

படிப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று கீறுவது. மற்றது பார்ப்பது.

முதலாம் ஆண்டில் ஒரு மண்பானையை மேசையில் வைத்து எங்களைக் கீறச் சொன்னார்கள். அநேகமானோர் வாயை வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் கீறினோம். வாய் வட்டம் என்பதும் பானை மேசையில் தட்டையாக இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் சற்று மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வாய் நீள்வட்டமாகத்தான் தெரியும். அடியும் வளைந்துதான் தெரியும். தெரிந்ததைக் கீறுகிறோம், தெரிவதைக் கீறவில்லை என்று விரிவுரையாளர் சொன்னார். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளப்பது, பொருளை விட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் வடிவத்தைக் கீறுவது எல்லாம் இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான்.

கலை வரலாற்று வகுப்பிலும் அதே பயிற்சி வேறு விதமாக நடந்தது. திரையில் ஒரு படம் வரும். அழகு, அழகில்லை என்று சொல்லக்கூடாது. என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றக் கேள்விகள்: எதனால் செய்யப்பட்டது, யார் செய்வித்தது, எங்கே வைக்கப்பட்டது, யார் அகற்றினார்கள்?

பிக்காசோவின் ‘குவேர்னிக்கா’வை அப்படித்தான் படித்தோம். 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயினின் பிராங்கோவுக்கு ஆதரவாக வந்த ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குவேர்னிக்கா என்ற சிறு பட்டணத்தின் மீது குண்டு வீசின. அதைப் பற்றிய ஓவியம் அது. ஆனால் அதில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. இறந்த பிள்ளையை மடியில் வைத்துக் கதறும் தாய், அலறும் குதிரை, விளக்கேந்திய கை. எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில். நாங்களோ போரைக் கீறச் சொன்னால் கிபிரும் ஷெல்லும்தான் கீறினோம். ஆயுதத்தைக் கீறாமலே அதன் வேலையைக் காட்டலாம் என்று அன்றுதான் விளங்கியது. ஸ்பெயினில் மக்களாட்சி வரும்வரை அந்த ஓவியம் அங்கே போகக்கூடாது என்பது பிக்காசோவின் நிபந்தனை. அது 1981 இல்தான் ஸ்பெயினுக்குப் போனது. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதும் அதே 1981 இல்தான்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாவும் போய் இருந்தா. மற்றத் தாய்மாரின் மடியில் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. அம்மாவிடம் அண்ணாவின் பெயர் எழுதிய ஒரு மட்டை மட்டும்தான். எங்கள் அல்பம் மாத்தளனில் பங்கருக்குள்ளேயே போய்விட்டது. விடுமுறைக்கு வந்த என்னிடம் அம்மா சொன்னா: “நீ படம் கீறத்தானே படிக்கிறாய். அண்ணாவைக் கீறித் தா.”

பதினொரு தரம் கீறினேன். மூக்கு அப்பாவைப் போல, நெற்றி உன்னைப் போல என்று அம்மா சொல்லச் சொல்லக் கீறினேன். ஒவ்வொன்றையும் பார்த்து, “இது அவன் இல்லை” என்றா. என்ன பிழை என்று அவவுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு முகத்தைக் கண்டவுடன் அறிவது வேறு, அதைச் சொல்லால் விபரிப்பது வேறு. பானையைப் பார்த்துக் கீறலாம். இல்லாதவரை எதைப் பார்த்துக் கீறுவது?

மூன்றாம் ஆண்டில் கேத்தே கொல்விட்ஸைப் படித்தோம். ஜேர்மனிய ஓவியரும் சிற்பியுமான அவருடைய மகன் பீற்றர் 1914 ஒக்டோபரில், 18 வயதில், பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய அவர் முயன்றார். முதலில் மகனின் உருவத்தையும் சேர்த்துத்தான் திட்டமிட்டார். அதைக் கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். 1932 இல் அது பெல்ஜிய மயானத்தில் வைக்கப்பட்டபோது அதில் மகன் இல்லை. முழந்தாளிட்ட தகப்பனும் தாயும் மட்டும்தான். அவற்றில் கொல்விட்ஸினதும் கணவரதும் சாயல் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள். அந்த வகுப்பு முடிந்து நெடுநேரம் நான் எழும்பவில்லை.

அடுத்த விடுமுறையில் அம்மாவைக் கீறினேன். மட்டையை மடியில் வைத்தபடி அவ இருப்பதைக் கரியால் கீறினேன். பார்த்துவிட்டு, “இதில நான்தானே இருக்கிறன், அவன் எங்கை?” என்றா. என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “என்ர கண்ணுக்குக் கீழ இவ்வளவு கறுப்போ?” என்று கேட்டா. படத்தைச் சுருட்டி றங்குப் பெட்டிக்குள் வைத்தா. போராட்டத்துக்கு அதைக் கொண்டுபோகவில்லை. அண்ணாவைக் கீறித் தரச்சொல்லி இப்போதும் கேட்கிறா. நானும் ஆண்டுக்கு ஒரு தரமாவது முயல்கிறேன்.

மாமாவுக்கு என்ன பதில்? சோறு கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்காது. ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். என்னோடு படித்தவர்களில் சிலர் கல்யாண அட்டை வடிவமைக்கிறார்கள், சிலர் பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கலை வரலாறு படிக்காதவர்களுக்கும் அதன் முதற்பாடம் ஒன்று உதவும். யார், எங்கே, எப்போது என்று தெரியாத படம் பாதி இழந்த படம். உங்கள் வீட்டில் எஞ்சியிருக்கும் புகைப்படங்களின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா அழுத்தி மறுபக்கம் தழும்பு விழும். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். எங்கள் அல்பம் ஒரே இடத்தில்தான் இருந்தது.