மாதோட்டத்து வீதியிலே

துவிச்சக்கரவண்டி என்னும் சொல்லைக் கேட்டால் தமிழகத்து அன்பர்கள் புன்முறுவல் செய்வார்கள். அவர்களுக்கு அது மிதிவண்டி. ஈழத்துப் பாடநூலும் அரசாங்க அறிவித்தலும் அதனை இன்றும் துவிச்சக்கரவண்டி என்றே எழுதும். இக்கலப்புச் சொல்லைப் பண்டிதர் சிலர் விரும்புவதில்லை. யான் விரும்புகின்றேன். வடசொல் முன்னே உருளத் தமிழ்ச்சொல் பின்னே உருளுகின்றது. வண்டி நன்றாகத்தான் ஓடுகின்றது. ஆனால், அதன்மேல் ஏறி மிதிப்பவன் எவனும் அதனைச் சைக்கிள் என்று மட்டுமே சொல்வான். ஆதலால் ஈண்டும் சைக்கிள் என்றே எழுதுவேன்.

மன்னார் நகரிலிருந்து விடத்தல்தீவு ஏறத்தாழ 15 மைல். மோட்டார் வண்டியில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே செல்லும். கண்ணாடிக்கு வெளியே வெளியும் பனையும் ஓடி மறையும். விடத்தல்தீவு என்ற பெயர்ப்பலகை வந்தவுடன் பயணம் முடிந்துவிடும். சைக்கிளிற் செல்வார்க்கோ அது அரைநாட் பயணம். ஒரு பெயர்ப்பலகையைப் படித்து, அதன் பொருளை நினைத்து, வழியில் நிற்பவரிடம் ஒரு வினா வினவுவதற்கு ஏற்ற வேகம் அதுவே. சென்ற தை மாதத்தில் மாணாக்கர் எழுவரோடு யான் அவ்வழி சென்றேன். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணாக்கரை அழைத்துச் செல்லத் தக்க வழி இலங்கையில் இதனினும் சிறந்தது உண்டோ என்பது ஐயமே.

தை மாதம் என்றது காரணம்பற்றி. வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் மன்னாரிற் சோளகக் காற்றின் ஆட்சி. போகும்போது அது முதுகைத் தள்ளும், மகிழ்ந்து போவீர்கள். திரும்பும்போது நெஞ்சிலே கைவைத்து நிறுத்தும். தையிலோ வாடை. முதலில் எதிர்த்து மிதித்து, களைத்தபின் காற்றின் துணையோடு மீளலாம். குளங்களில் நீர் நிற்கும். காலபோக நெல் முற்றி நிற்கும். கழிகளிலே வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும்.

1560 இல் போர்த்துக்கீசர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை ஒரு பக்கம் விட்டு, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நெடும்பாலத்தில் ஏறினோம். 1990 இல் தகர்க்கப்பட்ட இப்பாலம் 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இருமருங்கும் ஆழமற்ற நீர். அதற்கப்பால் வங்காலைப் பறவைகள் சரணாலயம். தொலைவிலே இளஞ்சிவப்பு நிறக் கோடொன்று கிடந்தது. கூர்ந்து நோக்கியபோது அக்கோடு கழுத்தை வளைத்து இரை தேடியது. பூநாரைகள்! மாணாக்கர் அரைமணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. யானும் அவசரப்படுத்தவில்லை.

தள்ளாடிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் வடக்கே பூநகரி நோக்கிச் செல்லும் வீதி. சிறிது தொலைவிலே திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவிக் கரையில் கௌரி அம்பாளோடு இறைவன் எழுந்தருளிய இடம். போர்த்துக்கீசர் காலத்திற் கோயில் அழிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழிச் செய்தி. பின்னர் இருந்த இடமே காடாயிற்று. 1872 இல் ஆறுமுக நாவலர் இத்தலத்தைப் புதுக்குமாறு சைவ மக்களை வேண்டினார். அவர் கண்ணால் அதனைக் காணவில்லை. 1893 இல் நிலம் வாங்கப்பட்டது. 1903 இற் சிறிய கோயில் எழுந்தது. 1948 இல் திருப்பணிச் சபை தோன்றியது. போர்க்காலத்தில் மறுபடியும் இடையூறு. 2022 இல் மீண்டும் ஒரு கும்பாபிடேகம். ஒரு வேண்டுகோள் நிறைவேற நூற்றைம்பது ஆண்டு!

கோயிலையடுத்து மாந்தை மேடு. வழிபட வருவாருட் பலர் இதனைக் காணாமலே மீள்வர். கண்டாலும் புல் முளைத்த மண்மேடு என்றே எண்ணுவர். அகழி சூழ்ந்த பழைய துறைமுகப் பட்டினம் அது. மகாவம்சம் மகாதித்த எனக் கூறுவது இதனையே. 1980 முதல் 1984 வரை யோன் காசுவெல் தலைமையில் இங்கு அகழ்வு நடந்தது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழ்விலே கருகிய மிளகும் ஒரு கராம்பும் கிடைத்தன. அக்கராம்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது. மொலுக்காத் தீவுகளுக்கே அந்நாளில் உரியதாயிருந்த கராம்பு, கடலெல்லாம் கடந்து இம்மண்ணில் வந்து வீழ்ந்திருக்கின்றது. வணிகன் ஒருவனுடைய பொதியிலிருந்து சிந்தியதோ, சமையற்காரி கைதவறவிட்டதோ, யாரறிவார்? மாணாக்கன் ஒருவன் குனிந்து மண்ணைக் கிளறத் தொடங்கினான். தொல்பொருட் சட்டத்தை நினைவூட்டி நிறுத்தினேன்.

மாந்தையைக் கடந்தபின் வீதியின் இயல்பு மாறுகின்றது. வலப்புறம் அடம்பன் பக்கமாகக் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்கள். இடப்புறம் உவர்நிலமும் கழியும் கடலும். ஒரு கண்ணிலே மருதம், மறுகண்ணிலே நெய்தல். அகப்பொருள் இலக்கணத்தைக் கரும்பலகையில் ஐந்து கட்டமாக வரைந்து, ஒவ்வொன்றிலும் கருப்பொருளை நிரப்பிக் கற்பித்தே என் காலம் போயிற்று. கட்டங்களுக்கு இடையே கோடு உண்டென்று மாணாக்கர் நம்பிவிடுகின்றனர். இங்கே கோடு என்பது தார்வீதி ஒன்றே. வயலிலிருந்து எழுந்த கொக்கு வீதியைத் தாண்டிக் கழியில் இறங்குகின்றது. அதற்குத் திணை மயக்கம் தெரியும்.

இனி ஊர்ப்பெயர்கள். இவ்வீதியின் உண்மையான செல்வம் அவையே என்பேன். பாப்பாமோட்டை என்கின்றது ஒரு பலகை. மோட்டை என்பது சிறு நீர்நிலை. பள்ளமடு என்கின்றது மற்றொன்று. மடு ஆழ்ந்த நீர்நிலை. அதற்கும் வடக்கே இலுப்பைக்கடவை. கடவை என்பது கடந்து செல்லும் வழி. உள்நாட்டுப் பக்கம் உயிலங்குளம். ஆவி என்பதும் குளமே. பாலாவியில் அது வாழ்கின்றது. மழை குறைந்த இந்நாட்டில் மக்கள் நீரைத் தேடித் தேடிக் குடியேறினர். கண்ட நீருக்கு அதன் அளவும் ஆழமும் தோன்றப் பெயரிட்டனர். நிகண்டு படித்த எங்களுக்கு இச்சொற்களெல்லாம் ஒரே பொருள் தரும் பல பெயர்கள். இங்கே வாழ்வார்க்கு அவை வேறு வேறு பொருள்கள். மோட்டையை மடு என்று எண்ணி நம்பியவனுடைய மாடு சித்திரையில் தாகத்தால் வாடும்.

விடத்தல்தீவு என்ற பெயர்க்கு வருவோம். பெயரிலே தீவு, ஆயினும் நிலவழியாகவே சென்று சேரலாம். கழிகளும் கண்டற் காடும் சூழ்ந்து நிற்பதைக் கண்டால் அப்பெயர் பொருத்தமென்றே தோன்றும். விடத்தல் என்பது முள்மரம். தென்மராட்சி விடத்தற்பளையும் அதன் பெயரையே தாங்குகின்றது. தொங்கும் பூங்கதிரின் மேற்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். விடத்தர், விடத்தேர், விடத்தல் என்பன ஒன்றே. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடும் குமட்டூர்க் கண்ணனார் இம்மரத்தைச் சொல்லுகின்றார். எங்கே சொல்லுகின்றார் என்பதே கருதத்தக்கது. வேந்தன் சினந்தமையால் அழிந்த நாட்டிலே, கரும்பு விளைந்த கழனி பொலிவிழந்து கிடக்க, முறுக்கிய காயையுடைய விடத்தரும் கரிய உடையும் ஓங்கின என்பது அப்பாட்டுத் தருஞ் செய்தி. போரின் பின் தானாக முளைக்கும் மரம் இது.

அப்பாட்டை வகுப்பிலே எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றேன். விடத்தல்தீவிலே நின்று நடத்தியபோது குரல் ஒருவாறு தடைப்பட்டது. இவ்வூர் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் கூடி வாழ்ந்த ஊர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவ்வூர் முஸ்லிம்களும் புத்தளப் பக்கம் சென்றனர். தமிழையே தாய்மொழியாகக் கொண்டோரைத் தமிழ் நிலத்திலிருந்து வெளியேற்றியதைத் தமிழாசிரியன் சொல்லாமற் கடந்து செல்லுதல் தகாது. பின்னர் கடற்புலிகளின் பெருந்தளமாயிற்று இவ்வூர். 2008 யூலை 16 இல் இராணுவத்தின் வசமாயிற்று. இருந்த மக்களும் அதற்குள் இடம்பெயர்ந்து கிழக்கே சென்றிருந்தனர். 2009 இற் போர் முடிந்த பின்னரே மீண்டும் வரத் தொடங்கினர். வயலும் வளவும் பற்றைக்காடாய்க் கிடந்தன. கண்ணனார் கண்டதையே அவர்களும் கண்டனர்.

சைக்கிளை உல்லாசப் பொருளாக எழுதுவோர் இதனையும் அறிதல் வேண்டும். தொண்ணூறுகளில் வன்னிக்கு எரிபொருள் வரவில்லை. விறகு, நெல், மீன், நோயாளி யாவும் சைக்கிளின் பின்னிருக்கையிலேயே சென்றன. இடம்பெயர்ந்தோர் வீட்டையே அதன்மேற் கட்டி உருட்டிச் சென்றனர். 2022 இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது கொழும்பார் சைக்கிளைப் புதிதாய்க் கண்டுபிடித்தனர். இப்பகுதியார் அதனைக் கண்டு சிரித்திருப்பர்.

ஊரின் கடலோரத்துக் கண்டற் காடும் கடற்புல் வெளியும் 2016 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. 2024 இல் அதன் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. இறாற் பண்ணையால் வேலை வரும் என்பாரை யான் பழிக்கவில்லை. பசித்தவர்க்கு மரத்தின் அருமை சொல்லி முடியாது. ஆயினும் கண்டலின் வேரிடையிலேதான் இறாலும் நண்டும் மீனும் குஞ்சு காக்கின்றன. கடலை நம்பி வாழும் ஊர் அதன் தொட்டிலை விற்றல் கணக்குக்கும் ஒவ்வாது.

செல்ல விரும்புவார்க்கு ஒரு சொல். தண்ணீர் கொண்டு செல்க; ஒட்டுப்பெட்டியும் காற்றுப்பம்பும் மறவற்க. எங்கள் வண்டிகளுள் ஒன்று ஊர் எல்லையிலேயே காற்றிழந்தது. திருத்தும் கடையில் முதியவர் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்தார். அது விடத்தல் முள் என்று மாணாக்கன் ஒருவன் உறுதியாகக் கூறினான்.

“இல்லைத் தம்பி, இது உடை முள்ளு. வெள்ளையாய்ச் சோடி சோடியாய் நிக்கும். விடத்தலுக்குக் கொப்பு நுனியே முள்ளு. வாத்தியார், பிள்ளையளுக்குக் காட்டேல்லையோ? அந்தா, மதகுக்கு அங்காலை நிக்குது.”

வண்டிகளை அவர் வாசலிலேயே சாய்த்துவிட்டு மாணாக்கர் மதகுக்கு அப்பால் ஓடினர். மரத்திற் பூ இல்லை. காய் இருந்தது, முறுக்கித்தான் இருந்தது.