தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றத்தான் வேண்டுமா?

பழைய கார் வைத்திருப்போர் பலருக்கும் என்றேனும் ஒரு நாள் இந்த அனுபவம் நேர்கிறது. பணிமனையில் வண்டியை ஆராய்ந்த மெக்கானிக், "புஷ் எல்லாம் போய்விட்டது ஐயா, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்கிறார். உடனே மாற்றினால் வீண்செலவோ என்ற ஐயம். மாற்றாவிட்டால் வழியில் ஆபத்தோ என்ற அச்சம். இவ்விரண்டுக்கும் நடுவே எவ்வாறு முடிவு செய்வது?

அம்பாசிடர் வண்டியையே உதாரணமாகக் கொள்வோம். அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அதனை அருமையாகப் பேணி ஓட்டுவோர் இன்றும் உண்டு. அவ்வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் 'லோயர் ஆர்ம்' என்னும் கை, வண்டியின் உடலுடன் சேருமிடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. பின்புறத்துப் பட்டை வில்லின் இரு முனைகளிலும் அவ்வாறே உண்டு. சாலையின் அதிர்ச்சியை ஏற்பது அதன் ஒரு வேலை. சக்கரம் தன் இடத்தை விட்டு விலகாமல் காப்பது மற்றொரு வேலை. இரண்டாவதே முக்கியமானது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

ரப்பருக்கு வெயிலும் வெப்பமும் எண்ணெயும் பகை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். இவ்வெடிப்புகளைக் கண்ட மாத்திரத்தில் புஷ் கெட்டுவிட்டது என்று தீர்மானித்தல் தவறு. மேலே வெடித்திருந்தும் உள்ளே உறுதியாக இருக்கும் ரப்பர் இன்னும் சில காலம் உழைக்கும். ஆனால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருந்தாலும், எண்ணெயில் ஊறிக் கொழகொழத்திருந்தாலும், இரும்போடு இரும்பு உரசிய பளபளப்புத் தெரிந்தாலும் ஐயத்திற்கு இடமில்லை, மாற்றியே ஆகவேண்டும்.

ஓட்டும்போதே அறியக்கூடிய குறிகளும் உண்டு. சிறு பள்ளங்களில் 'டக், டக்' என்ற ஓசை. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தல். நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருத்தல். டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல் ஆகியவை அவை. ஆயினும் இக்குறிகள் புஷ்ஷுக்கு மட்டும் உரியவை அல்ல. டயரில் காற்றுக் குறைந்தாலும் வண்டி இழுக்கும்; கிங் பின் தேய்ந்தாலும் ஓசை எழும்.

ஆகவே பிரித்தறிய ஓர் எளிய சோதனை செய்யலாம். முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பின், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். அசைவு தெரிந்தால் மற்றொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். அசைவு மறைந்தால் குறை சக்கரத்துப் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னிலோ புஷ்ஷிலோ. பிறகு ஒரு சிறு கடப்பாரையால் கையை மெல்ல நெம்பிப் பார்த்தால் புஷ்ஷின் நிலை வெளிப்படும். ரப்பர் சற்றே இளகிக் கொடுத்து உடனே திரும்பினால் நன்று. கை தாராளமாக ஆடி இரும்பில் இடித்தால் தீர்ந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் செல்லலாகாது.

எல்லாப் புஷ்களும் ஒரே அவசரமுடையவை அல்ல. முன்சக்கரக் கையின் புஷ்ஷும், பட்டை வில்லின் முன்முனைப் புஷ்ஷும் சக்கரங்களின் திசையைக் காப்பவை. இவற்றில் ஆட்டம் கண்டால் தாமதித்தல் கூடாது. வில்லின் பின்முனையில் சிறு தேய்வும் ஓசையும் மட்டுமே எனில், அடுத்த பராமரிப்பு வரை பொறுக்கலாம்.

மாற்றும்போது மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. இடமும் வலமும் ஒருசேர மாற்றுக. வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பின்னரே போல்ட்டுகளை இறுதியாக முடுக்குக. தூக்கிய நிலையில் முடுக்கினால் புது ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். வேலை முடிந்ததும் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்க்கச் செய்க. ஓசையை அடக்க ரப்பர்மீது கிரீஸ் தடவும் வழக்கத்தை அறவே விடுக. ஓசை அடங்கும், ரப்பரும் ஊறிக் கெடும்.

இனி, மெக்கானிக் "எல்லாம் போய்விட்டது" என்றால் அவரோடு வாதிட வேண்டுவதில்லை. "எந்தப் புஷ்? நெம்பிக் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். நல்ல தொழிலாளி மகிழ்ந்து காட்டுவார். கண்ணால் கண்ட ஆட்டமே செலவு செய்வதற்குத் தக்க காரணம்.